ஆன்டிபாடி இருந்தும் எச்.ஐ.வி ஏன் சாவதில்லை?

கேள்வி இதுதான்: "எச்.ஐ.வி சோதனையில் ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறதா என்றுதானே பார்க்கிறார்கள்? அம்மை வந்தவருக்கு ஆன்டிபாடி உண்டானால் நோய் போய்விடுகிறது, மறுபடி வருவதும் இல்லை. எச்.ஐ.வி மட்டும் ஆன்டிபாடியிடமிருந்து எப்படித் தப்பிக்கிறது? தடுப்பூசி ஏன் இன்னும் வரவில்லை? நல்ல ஆன்டிபாடியை வெளியிலிருந்து ஏற்றினால் குணமாகாதா?"

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். எச்.ஐ.வி வந்த உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்காமல் சும்மா இருப்பதில்லை. தாராளமாகவே உண்டாக்குகிறது. ஆன்டிபாடி என்பதைத்தான் எதிர்ப்பொருள் என்று எழுதுகிறேன். இந்தியாவில் இந்த வைரஸ் இருப்பது முதன்முதலில் தெரியவந்ததே அதை வைத்துத்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இருந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி-யில் எலிசா சோதனை செய்தபோது சிலவற்றில் எதிர்ப்பொருள் இருந்தது. இன்றைக்கும் நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி சோதனை மையம்) விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான்.

ஆனால் அந்தச் சோதனை எந்த எதிர்ப்பொருளைப் பிடிக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான கிட்டுகள் ஜிபி41 என்ற புரதத்தின் ஒரு சிறு துண்டை வைத்து வேலை செய்கின்றன. தொற்றை உறுதிப்படுத்தும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பளிச்சென்று தெரியும் இன்னொரு கோடு பி24 என்ற புரதத்துக்கு எதிரானது. பி24 இருப்பது வைரஸின் உள்ளே, அதன் மரபுப்பொருளைச் சுற்றிய கூட்டில். முழு வைரஸுக்குள் எதிர்ப்பொருள் நுழையவே முடியாது. அப்புறம் அந்த ஜிபி41 துண்டு? முழுமையாக இருக்கும் வைரஸில் அது மேல்புரதத்தின் அடியில் மறைந்து கிடக்கும் பகுதி. ஆக, ஒருவருக்குத் தொற்று இருக்கிறது என்று நமக்குக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருள்கள் வைரஸுக்குக் கிட்டத்தட்ட எந்தத் தொந்தரவும் தருவதில்லை.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வைரஸின் ஏதோ ஒரு பகுதியில் ஒட்டும் எதிர்ப்பொருள் ஒரு வகை. வைரஸ் செல்லுக்குள் நுழையவே முடியாதபடி அதை முடக்கும் எதிர்ப்பொருள் இன்னொரு வகை. தட்டம்மை வைரஸிடம் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. அதன் மேற்பரப்பு புரதம் அவ்வளவாக மாறுவதில்லை. 1954-இல் ஒரு சிறுவனிடமிருந்து எடுத்த வைரஸிலிருந்து உருவாக்கிய தடுப்பூசி இன்றும் உலகத்தில் சுற்றும் எல்லா தட்டம்மைக்கும் வேலை செய்கிறது. எச்.ஐ.வி-யிடம் ஒட்டுவது சுலபம், முடக்குவது மிகக் கடினம். உங்கள் கேள்விக்கான பதில் முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

வைரஸின் மேல் உறை நம் செல்லிலிருந்து கிளம்பும்போது போர்த்திக்கொண்டு வந்த கொழுப்புப் படலம். அதன்மேல் வைரஸுக்கே சொந்தமாக நீட்டிக்கொண்டிருப்பது ஸ்பைக் ஒன்றுதான். கொரோனாவுக்குப் பிறகு இந்தச் சொல் எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது, விளக்கம் வேண்டாம். எச்.ஐ.வி-யின் ஸ்பைக் மூன்று ஜிபி120, மூன்று ஜிபி41 சேர்ந்தது. மேலே இருக்கும் ஜிபி120 நம் வெள்ளணுவில் உள்ள சிடி4-ஐப் பிடிக்கும். பிடித்ததும் அதன் வடிவம் மாறி, சிசிஆர்5 என்ற இரண்டாவது புரதத்தைப் பிடிக்கும் இடம் உருவாகும். பிறகு அடியில் இருக்கும் ஜிபி41 விரிந்து செல் சவ்வுக்குள் குத்தி, இரண்டு படலங்களையும் இழுத்து ஒன்றாக்கும். எதிர்ப்பொருள் தடுக்க வேண்டியது இந்த வேலையைத்தான்.

இந்த ஸ்பைக் கொஞ்சம் உறுதியில்லாதது. ஜிபி120-ஐயும் ஜிபி41-ஐயும் பிணைப்பது வலுவான வேதிப்பிணைப்பு அல்ல என்பதால் மேல்பகுதி அடிக்கடி கழன்று போகிறது. கழன்ற ஜிபி120 ரத்தத்தில் மிதக்கும். கீழே ஜிபி41-இன் மொட்டைத் தண்டு நிற்கும். சரியாக வெட்டப்படாமல் அரைகுறையாக வெளியே வந்த ஸ்பைக்குகளும் உண்டு. எதிர்ப்பொருளை உண்டாக்கும் நம் பி செல்கள் அதிகம் பார்ப்பது இந்தக் குப்பையைத்தான். நல்ல ஸ்பைக்கில் உள்ளே மறைந்திருக்கும் பகுதிகள் உடைந்ததில் வெளியே தெரிகின்றன. எதிர்ப்பொருள் அவற்றின்மீது குவிகிறது. தொற்றுக்குப் பின் முதலில் வருபவை பெரும்பாலும் ஜிபி41-க்கு எதிரானவை. அவற்றில் ஒரு பங்கு, முன்பே குடல் பாக்டீரியாக்களைப் பார்த்துப் பழகிய நினைவு பி செல்களிலிருந்து வருகிறது என்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் ஹெய்ன்ஸ் குழு காட்டியது. பழைய பழக்கத்தில் பி செல் புது வைரஸைத் தவறான இடத்தில் பிடித்துக்கொள்கிறது.

இது வைரஸ் திட்டம் போட்டுச் செய்த தந்திரமா, உறுதியில்லாத புரதத்தின் பக்கவிளைவா என்று கேட்டால், இரண்டாவதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பேன். வைரஸுக்கு நோக்கம் என்று ஒன்றும் இல்லை. குப்பை இருந்தும் பிழைத்த வைரஸ்கள் பெருகின, அவ்வளவுதான்.

சரி, சரியான இடத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் வரவே வராதா? வருகிறது, ஆனால் தாமதமாக. ஒட்டும் எதிர்ப்பொருள்கள் மூன்று நான்கு வாரங்களில் வந்துவிடும். அவரவர் உடம்பில் இருக்கும் வைரஸை முடக்கும் எதிர்ப்பொருள்கள் வர மாதக்கணக்கில் ஆகிறது. வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை 2003-இல் சான் டியாகோவில் டக்ளஸ் ரிச்மன் குழு செய்த ஒரு சோதனை போல வேறெதுவும் எனக்குத் தெளிவாகக் காட்டியதில்லை. ஒரே நோயாளியிடம் சில மாத இடைவெளிகளில் எடுத்து வைத்திருந்த வைரஸ்களையும் சீரத்தையும் (ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கும் தெளிந்த நீர்ப்பகுதி) எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சீரத்தையும் ஒவ்வொரு வைரஸோடு மோதவிட்டார்கள். இன்றைய சீரம் சில மாதங்களுக்கு முந்தைய வைரஸை நன்றாகவே முடக்கியது. இன்றைய வைரஸை முடக்கவில்லை. சில மாதங்கள் கழித்து எடுத்த சீரம் இன்றைய வைரஸை முடக்கியது. அதற்குள் வைரஸ் வேறாகிவிட்டிருந்தது. பெரும்பாலான நோயாளிகளிடம் இதே கதை. எதிர்ப்பொருள் பலவீனமானதல்ல, கிடைத்த வைரஸையெல்லாம் ஒழித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது குறிவைப்பது எப்போதும் போன மாதத்து வைரஸை.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? மருந்து எடுக்காத ஒருவர் உடம்பில் ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கோடி புது வைரஸ்கள் உருவாகின்றன என்று 1990-களின் நடுவில் ஆலன் பெரல்சன், டேவிட் ஹோ ஆகியோரின் கணக்கு சொன்னது. வைரஸின் மரபுத்தொகுதி சுமார் 9,700 எழுத்துகள் நீளம். அதை நகலெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி தான் எழுதியதைத் திருப்பிச் சரிபார்ப்பதில்லை. தோராயமாக மூன்று நகலுக்கு ஒரு பிழை விழுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒற்றை எழுத்து மாறினால் எத்தனை விதமாக மாறலாமோ அத்தனையும் ஒரே நாளில் அந்த உடம்புக்குள் எங்கேயாவது தோன்றிவிடக்கூடும். அதில் ஏதோ ஒன்று எதிர்ப்பொருளுக்குப் பிடிபடாமல் இருந்தால் போதும். போதாக்குறைக்கு, ஒரே செல்லுக்குள் இரண்டு வகை வைரஸ் போனால் நகலெடுக்கும்போது இரண்டும் கலந்து புது வகை பிறக்கும்.

ஜிபி120-இல் வி1 முதல் வி5 வரை ஐந்து பகுதிகள் இந்த மாற்றங்களையெல்லாம் தாங்குகின்றன. நீளம் கூடலாம், குறையலாம், எழுத்து மாறலாம், வைரஸின் வேலை கெடுவதில்லை. எதிர்ப்பொருளுக்கு எட்டும் இடத்தில் நீட்டிக்கொண்டிருப்பவையும் இவையே. எது மாறினாலும் நஷ்டமில்லையோ அது வெளியே இருக்கிறது.

இப்போது சர்க்கரைக்கு வருகிறேன். எனக்கு இந்த வைரஸிடம் மிகவும் வியப்பானது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஜிபி120-இன் எடையில் ஏறக்குறைய பாதி புரதமே இல்லை, சர்க்கரைச் சங்கிலிகள். ஒவ்வொரு ஜிபி120-இலும் சுமார் 25 இடங்களில் அவை தொங்குகின்றன. இந்தச் சர்க்கரையை வைரஸ் செய்வதில்லை. தான் புகுந்த செல்லின் தொழிற்கூடமே தன் சொந்தப் புரதங்களுக்கு மாட்டுவதுபோல இதற்கும் மாட்டிவிடுகிறது. ஆக எதிர்ப்பொருள் உண்டாக்கும் பி செல்லுக்கு அது நம் உடம்பின் பொருளாகவே தெரிகிறது. நம் பொருளைத் தாக்கும் பி செல்களை உடம்பு ஆரம்பத்திலேயே களையெடுத்துவிடும். புரதத்தைத் தொட வேண்டுமென்றால் இந்தச் சர்க்கரைக் காட்டுக்கு நடுவே எங்கேயாவது ஒரு சந்து கிடைக்க வேண்டும்.

அந்தச் சந்துகளும் நிலையாக இல்லை. அதே 2003-இல், அலபாமாவில் இருந்த ஜார்ஜ் ஷா குழு நோயாளிகளிடமிருந்து தப்பித்த வைரஸ்களின் வரிசையைப் படித்துப் பார்த்தது. எதிர்ப்பொருள் ஒட்டும் இடத்தையே வைரஸ் மாற்றியிருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். பல வைரஸ்கள் அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, சற்றுத் தள்ளி ஒரு சர்க்கரைச் சங்கிலியைப் புதிதாகச் சேர்த்திருந்தன, அல்லது ஒன்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தியிருந்தன. புரதத்தில் ஓரிரு எழுத்து மாறினாலே சர்க்கரை மாட்டும் இடம் நகர்ந்துவிடும். புரதத்தின் வேலைக்கு ஒரு பழுதும் இல்லை, ஆனால் எதிர்ப்பொருளுக்கு வழி அடைபட்டுவிட்டது.

இதே தந்திரம் வைரஸைக் காட்டிக்கொடுத்த கதையும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் தொற்று ஏற்பட்ட இரண்டு பெண்களை பென்னி மூர் குழு நீண்டகாலம் தொடர்ந்து பார்த்தது. அவர்களுக்குள் நுழைந்த வைரஸின் ஜிபி120-இல் 332-ஆம் இடத்தில் சர்க்கரை இல்லை, 334-இல் இருந்தது. முதலில் வந்த எதிர்ப்பொருள்களிடமிருந்து தப்பிக்க அது சர்க்கரையை 332-க்கு நகர்த்தியது. அங்கே நகர்ந்த பிறகு, அந்தச் சர்க்கரையையே பிடித்துக்கொண்டு பல வகை வைரஸ்களை முடக்கும் எதிர்ப்பொருள்கள் அந்தப் பெண்களிடம் உருவாயின. 2012-இல் வெளியான ஆய்வு இது. கேடயத்தைப் பிடித்தே ஆளைச் சாய்க்கலாம் என்று தெரிந்தது. இன்று ஆய்வில் இருக்கும் பல எதிர்ப்பொருள்களுக்கு 332 சுற்றுவட்டாரமே இலக்கு.

எல்லாம் மாறலாம், சிடி4-ஐப் பிடிக்கும் இடம் மாற முடியாதே என்று தோன்றும். உண்மைதான், அது அவ்வளவாக மாறுவதில்லை. ஆனால் அது ஒரு குழிக்குள், சர்க்கரைகள் சூழ, மூன்று ஜிபி120-உம் நெருக்கி நிற்கும் கோணத்தில் இருக்கிறது. சிடி4-இன் மெல்லிய முனை நேராக உள்ளே போய்விடும். எதிர்ப்பொருளின் பருத்த கைக்கு அந்தக் கோணம் சரியாக வாய்ப்பது அரிது. சிசிஆர்5-ஐப் பிடிக்கும் இடமோ இன்னும் ஒரு படி மேல்: சிடி4-ஐத் தொடும்வரை அந்த இடமே உருவாகாது. தொட்ட பிறகு வைரஸும் செல்லும் அவ்வளவு நெருங்கிவிடுகின்றன, ஒரு முழு எதிர்ப்பொருள் நுழைய இடம் போதாது. அதே எதிர்ப்பொருளை வெட்டிச் சிறு துண்டாக்கிக் கொடுத்தால் நன்றாக முடக்குகிறது என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அடியில், சவ்வை ஒட்டி, ஜிபி41-இல் இன்னொரு மாறாத பகுதி இருக்கிறது. அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களில் சில நம் சொந்த செல்களின் கொழுப்பையும் பிடிப்பவை. அத்தகைய பி செல்களை உடம்பு வளரவிடுவதில்லை.

எண்ணிக்கையையும் கவனிக்க வேண்டும். ஒரு ஃபுளூ வைரஸில் நூற்றுக்கணக்கான ஸ்பைக்குகள் நெருக்கமாக இருக்கும். எச்.ஐ.வி-யில் சராசரியாக 14 மட்டுமே. எதிர்ப்பொருளுக்கு இரண்டு கை. ஓடும் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்திருப்பவரையும் இரண்டு கையாலும் பிடித்திருப்பவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக் போட்டால் யார் தடுமாறுவார்? ஃபுளூவில் எதிர்ப்பொருள் இரண்டு ஸ்பைக்குகளை இரண்டு கையாலும் பிடித்துவிடும், ஒரு பிடி நழுவினாலும் மற்றது தாங்கும். எச்.ஐ.வி-யில் அடுத்த ஸ்பைக் பெரும்பாலும் கை எட்டாத தூரத்தில் இருக்கிறது. ஒரே ஸ்பைக்கின் மூன்று பகுதிகளில் இரண்டைப் பிடிக்கலாம் என்றால் கோணம் ஒத்துவருவதில்லை. ஒற்றைக் கையில் தொங்கும் எதிர்ப்பொருளை உதற வைரஸுக்கு ஒரு சிறு மாற்றமே போதும்.

அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் பமேலா ஜோர்க்மன் குழு இதைச் சோதிக்க ஓர் அழகான வழி கண்டது. எதிர்ப்பொருளின் இரண்டு கைகளையும் தனியே எடுத்து, நடுவில் வெவ்வேறு நீளத்தில் டிஎன்ஏ துண்டுகளை வைத்து இணைத்துப் பார்த்தார்கள். ஒரே ஸ்பைக்கில் இரண்டு கையும் பதியும் நீளம் அமைந்தபோது சிலவற்றின் முடக்கும் திறன் நூறு மடங்குக்கு மேல் கூடியது.

இதுவரை சொன்னது வெளியே மிதக்கும் வைரஸைப் பற்றி. எதிர்ப்பொருளுக்கு இன்னொரு வேலையும் உண்டு: தொற்றிய செல்லின் மேல் ஒட்டி, "இதைக் கொல்" என்று இயற்கைக் கொல்லி செல்களுக்குக் காட்டிக்கொடுப்பது. அங்கேயும் வைரஸ் முந்திக்கொள்கிறது. ஸ்பைக் செல்லின் மேற்பரப்புக்கு வந்ததும் பெரும்பகுதி மீண்டும் உள்ளே இழுக்கப்படுகிறது, வெளியே கொஞ்சம்தான் நிற்கும். செல்லின் மேல் சிடி4 இருந்தால் அது ஸ்பைக்கோடு ஒட்டி, ஒளிந்திருந்த பகுதிகளைத் திறந்து காட்டிவிடும்; ஆனால் வைரஸின் நெஃப், விபியு என்ற இரண்டு சிறு புரதங்களும் சிடி4-ஐச் செல்லின் மேலிருந்தே அகற்றிவிடுகின்றன. விபியு இன்னொன்றும் செய்கிறது. டெதரின் என்ற நம் புரதம் வெளியேறும் வைரஸைச் செல்லோடு கட்டிப்போடக்கூடியது. கட்டிப்போட்டால் செல்லின் மேல் வைரஸ் குவியும், எதிர்ப்பொருளுக்கு நல்ல குறி கிடைக்கும். விபியு டெதரினை ஒழித்துக்கட்டுவது 2008-இல் தெரியவந்தது. ஏதோ ஒரு துணைப் புரதம் என்று பலரும் ஒதுக்கி வைத்திருந்த ஒன்று இவ்வளவு வேலை பார்ப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வைரஸ் ஒரு செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்கு நேராகத் தாவும்போது, இடையில் எதிர்ப்பொருளுக்குக் கிடைக்கும் நேரமும் இடமும் குறைவு. காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதங்கள் வைரஸைத் துளைக்காமல் இருக்க, நம் செல்லிலிருந்தே சிடி55, சிடி59 ஆகியவற்றைத் தன் உறையில் ஏற்றிக்கொண்டு வருகிறது. எதிர்ப்பொருளைச் செப்பனிடும் நிணநீர்க்கணுக்களையும் அங்கே பி செல்லுக்கு உதவும் டி செல்களையும் அதுவே சேதப்படுத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேல், தொற்று ஏற்பட்ட சில நாட்களிலேயே வைரஸ் தன் மரபுப்பொருளை நீண்டகாலம் வாழும் டி செல்களின் டிஎன்ஏ-வில் செருகி உறங்கிவிடுகிறது. அந்தச் செல்லின் மேல் ஸ்பைக்கே இருக்காது. எதிர்ப்பொருள் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் பிடிக்க ஒன்றும் இல்லை.

இத்தனைக்கும் நடுவில், தொற்றோடு பல ஆண்டுகள் வாழ்பவர்களில் பத்தில் ஒன்றிரண்டு பேருக்கு உலகின் பல வகை எச்.ஐ.வி-க்களை முடக்கும் எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. 2009-இல் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஒருவரிடமிருந்து பிஜி9, பிஜி16 என்ற இரண்டு எதிர்ப்பொருள்கள் கிடைத்தன. 2010-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் விஆர்சி01 கிடைத்தது. சோதித்துப் பார்த்த வகைகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தை விஆர்சி01 முடக்கியது. சிடி4 குழிக்குள் சிடி4 போலவே நுழையக் கற்றுக்கொண்ட எதிர்ப்பொருள் அது. ஆனால் அதை உண்டாக்கியவருக்கே அதனால் பெரிய பயன் இல்லை. அது பக்குவப்படுவதற்குள் அவர் உடம்பில் இருந்த வைரஸ் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டது. சாதாரணமாக ஓர் எதிர்ப்பொருளின் வரிசையில் நூற்றுக்கு ஐந்து பத்து மாற்றங்கள் விழும். விஆர்சி01-இல் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் மாறியிருந்தது. அவ்வளவு மாற்றம் சேர வருடக்கணக்கில் வைரஸும் எதிர்ப்பொருளும் ஒன்றையொன்று துரத்த வேண்டும். தொற்று ஏற்பட்ட ஆரம்ப வாரங்களிலிருந்தே ரத்தம் சேமித்து வைக்கப்பட்டிருந்த ஓர் ஆப்பிரிக்கரிடம் இந்தத் துரத்தலை ஒவ்வொரு கட்டமாக டியூக் குழு 2013-இல் வரைந்து காட்டியது.

விதிவிலக்கு குழந்தைகள். நைரோபியில் தொற்றோடு பிறந்த அல்லது தாய்ப்பால் வழி தொற்றிய சில குழந்தைகளுக்கு ஓரிரு ஆண்டுகளிலேயே, அதிக மாற்றங்கள் சேராமலேயே, பரவலாக முடக்கும் எதிர்ப்பொருள்கள் வந்தன. டெல்லி எய்ம்ஸில் கல்பனா லூத்ரா குழுவும் தொற்றுள்ள ஒரு குழந்தையிடமிருந்து இப்படி ஒன்றைப் பிரித்தெடுத்தது. பெரியவர்களுக்கு வருடங்கள் பிடிப்பது குழந்தைகளுக்கு ஏன் சீக்கிரம் வருகிறது என்பதில் தடுப்பூசி ஆய்வாளர்கள் ஆர்வம் காட்டுவது நியாயமே.

இனி தடுப்பூசி. 1984-இல் அமெரிக்க சுகாதார அமைச்சர் மார்கரெட் ஹெக்லர் பத்திரிகையாளர்களிடம், இரண்டு வருடத்தில் சோதனைக்கு ஒரு தடுப்பூசி தயாராகிவிடும் என்றார். அப்போது யாருக்கும் மேலே சொன்ன எதுவும் தெரியாது. முதல் தலைமுறைத் தடுப்பூசிகள் தனி ஜிபி120-ஐக் கொடுத்தன. அதாவது கழன்று விழுந்த குப்பையைக் காட்டி உடம்பைப் பழக்கின. எதிர்ப்பொருள் வந்தது, முடக்கவில்லை. தாய்லாந்தில் 16,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆர்வி144 சோதனை 2009-இல் 31 சதவீதப் பாதுகாப்பு காட்டியதும் ஒரு நம்பிக்கை பிறந்தது. அதில் பாதுகாப்போடு சேர்ந்து தெரிந்தது முடக்கும் எதிர்ப்பொருள் அல்ல, வி1வி2 பகுதியில் ஒட்டும் எதிர்ப்பொருள். அதே வழியைத் தென்னாப்பிரிக்காவில் பின்பற்றிய சோதனை 2020-இல் பலனில்லை என்று நிறுத்தப்பட்டது. வேறு பாணியில் வந்த தடுப்பூசிச் சோதனைகளான இம்போகோடோ 2021-இலும், மொசாய்கோ 2023-இலும் அதே முடிவைக் கண்டன. சென்னை சேத்துப்பட்டில் அப்போது காசநோய் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் இருந்த நிறுவனத்திலும் 2000-களின் நடுவில் ஒரு தடுப்பூசியின் முதல்கட்டச் சோதனை நடந்தது. பாதுகாப்பானதாக இருந்தது, அடுத்த பெரிய கட்டத்துக்குப் போகவில்லை.

முடக்கும் எதிர்ப்பொருள் உண்மையிலேயே தொற்றைத் தடுக்குமா என்று நேராகவே சோதித்தது 2021-இல் முடிவு வெளியான ஆம்ப் சோதனை. ஆப்பிரிக்கா, அமெரிக்கக் கண்டங்கள், சுவிட்சர்லாந்து என 4,600-க்கும் மேற்பட்டோரில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரத்துக்கு ஒருமுறை விஆர்சி01-ஐ நரம்பு வழியே ஏற்றினார்கள். மொத்தமாகப் பார்த்தால் தோல்வி. பிரித்துப் பார்த்தால், விஆர்சி01-க்கு எளிதில் அடங்கும் வைரஸ் வகைகளுக்கு எதிராக 75 சதவீதப் பாதுகாப்பு. அந்தப் பகுதிகளில் சுற்றிய வகைகளில் அப்படி அடங்குபவை சுமார் 30 சதவீதமே. என் பார்வையில் இந்தத் துறையில் வந்த மிக முக்கியமான தோல்வி இது. சரியான எதிர்ப்பொருள் போதிய அளவில் இருந்தால் தடுக்கும் என்பது மனிதர்களிடம் நிரூபணமானது. ஒன்று மட்டும் போதாது என்பதும் தெரிந்தது.

இப்போதைய முயற்சி, விஆர்சி01 போன்ற ஒன்றைத் தடுப்பூசியால் படிப்படியாக வளர்த்தெடுப்பது. அதன் மூதாதை பி செல் நம்மில் பெரும்பாலோரிடம் அரிதாக இருக்கிறது, ஆனால் இயற்கையான ஸ்பைக்கைப் பார்த்து அது விழிப்பதில்லை. அதை எழுப்புவதற்கென்றே அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் வில்லியம் ஷீஃப் குழு ஒரு புரதத்தை வடிவமைத்தது. 2022-இல் வெளியான முதல் சோதனையில், ஊசி போட்ட 36 பேரில் 35 பேரிடம் அந்தச் செல்கள் பெருகின. இது முதல் படி மட்டும்தான். அடுத்தடுத்து வேறு வேறு வடிவங்களைக் கொடுத்து அந்தச் செல்களைச் சரியான திசையில் மாறவைக்க வேண்டும். உறுதியில்லாத ஸ்பைக்கை உடையாமல் பூட்டி வைக்கும் வித்தை கைவந்து, அதன் துல்லியமான வடிவம் 2013-இல் தெரிந்த பிறகே இந்த வேலையெல்லாம் சாத்தியமானது. தொற்றைத் தடுக்க இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசி 2024-இல் தென்னாப்பிரிக்கா, உகாண்டா இளம்பெண்களிடம் நடந்த சோதனையில், அதைப் போட்டுக்கொண்ட ஒருவருக்குக்கூடத் தொற்று வரவிடவில்லை. அது எதிர்ப்பொருள் அல்ல. வைரஸின் உட்கூட்டைக் குலைக்கும் மருந்து.

கடைசிக் கேள்வி: ஏற்கனவே பாசிட்டிவ் ஆனவருக்கு நல்ல எதிர்ப்பொருளை ஏற்றினால்? ஒன்றை மட்டும் கொடுத்தபோது சில வாரங்களில் அதற்கு அடங்காத வைரஸ் தலைதூக்கியது. ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் மிஷெல் நுசன்ஸ்வைக் குழு, வெவ்வேறு இடங்களைப் பிடிக்கும் இரண்டைச் சேர்த்துக் கொடுத்து, வழக்கமாகச் சாப்பிடும் எச்.ஐ.வி கூட்டு மருந்தை (ஏஆர்டி) நிறுத்திப் பார்த்தது. 2018-இல் வெளியான அந்த ஆய்வில், இரண்டுக்கும் அடங்கும் வைரஸ் இருந்தவர்களிடம் நடுவளவாக 21 வாரங்கள் வைரஸ் எழவில்லை. எதிர்ப்பொருள் ரத்தத்தில் குறையக் குறையப் பெரும்பாலோரிடம் திரும்பி வந்தது. உறங்கும் செல்கள் அப்படியேதான் இருந்தன. ஆகவே இன்றைக்கு இது குணமாக்கும் சிகிச்சை அல்ல. அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் அடிக்கடி வைரஸ் அளவு பார்த்துக்கொண்டு, மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்தினார்கள், வைரஸ் வந்ததும் மறுபடி தொடங்கினார்கள். ஏஆர்டி மையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வருபவர் வீட்டில் தானாக நிறுத்திப் பார்க்கும் விஷயம் இல்லை.